வந்தவாசிக் களமும் மேசைப் போரும்

சிற்றுருவ வீரர்களை மேசைமேல் நிறுத்திப் பழம்போர்களை ஆடிப் பார்ப்போரிடையே ஒரு வழக்கு உண்டு. ஓரணி மற்றோரணியினூடே செல்லலாமா? ஈயப் பொம்மையை எடுத்து அப்பால் வைப்பது எளிது. மனிதர் அவ்வாறு நகர்வதில்லை. ஆகவே, ஊடே புகுந்த அணி ஒழுங்கு குலைந்ததாகவே பல ஆட்டங்களிற் கொள்ளப்படும். இது வீண் கெடுபிடியன்று. கி.மு. 202-இல் சாமாக் களத்தில், பகைவரின் யானைகள் கடந்து போகட்டுமென்றே உரோமத் தளபதி சிப்பியோ தன் அணிகளிடையே சந்துகள் விட்டு நின்றான்.

அவ்வளவு தொலைவு போவானேன்? உளுந்தூர்பேட்டையிலிருந்து திண்டிவனம் வழியாக வடக்கே சென்றால் வந்தவாசி. 1760 சனவரி 22-இல் அங்கே ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் பொருதனர். லாலியின் லொரேன் படைப்பிரிவு, பன்னிருவர் அகலமுள்ள நீண்ட பத்தியாகப் பாய்ந்து வந்தது. கூட்டின் வீரர் மெல்லிய வரிசையாய் நின்று, பகைவர் மிக நெருங்கும்வரை பொறுத்திருந்து சுட்டனர். பத்தியின் முனை, குண்டுகளைப் பொருட்படுத்தாமல் வரிசையைப் பிளந்து உட்புகுந்தது. வென்றுவிட்டோம் என்றே முன்னணியில் நின்றோர் எண்ணியிருப்பர்! பிளவின் இருபுறத்தாரும் திரும்பிப் பக்கங்களில் தாக்கினர். நடுவிற் சிக்கியோர் அணிவகுக்க இடமின்றித் துப்பாக்கிமுனைக் கத்திகளுக்கு இரையாயினர். எஞ்சியோர் பாசறைக்கு ஓடினர். அன்று புஸ்ஸியும் சிறைப்பட்டார். 1761-இன் தொடக்கத்தில் புதுச்சேரியும், கள்ளக்குறிச்சிக்கு அண்மையிலுள்ள தியாகதுருகக் கோட்டையும் ஆங்கிலேயர் வசமாயின.