பதினேழு வயது வாத்தியார்

பழைய மாணவர்கள் நாலு பேர் ஒன்றுகூடினால் பேச்சு எங்கே போகும்? ஹாஸ்டல் மெஸ் சாம்பார், வாத்தியார்களுக்கு வைத்த பட்டப்பெயர், கிளாஸைக் கட் அடித்துப் பார்த்த மாட்னி ஷோ! இதெல்லாம் பேசித் தீர்ந்த பிறகு யாராவது ஒருவர் மெல்ல ஆரம்பிப்பார்: "அந்த சார் மட்டும் இல்லேன்னா, நான் சுயமா யோசிக்கவே கத்துக்கிட்டிருக்க மாட்டேன்ப்பா." அப்படிப்பட்ட ஒரு சாரின் சரித்திரத்தை இந்த மலரின் வாயிலாக நினைவுகூர விரும்புகிறேன். அவர் நம் கல்லூரிக்காரர் அல்லர், கல்கத்தாக்காரர்.

பெயர் ஹென்றி டிரோசியோ. ஐரோப்பிய, இந்தியக் கலப்புக் குடும்பத்தில் 1809இல் பிறந்தவர். 14 வயதோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். காலேஜ் வாசலை மாணவராக மிதிக்காதவர். ஆனாலும் கவிஞர், அபாரப் படிப்பாளி. கல்கத்தாவின் பெரிய மனிதர்கள் சேர்ந்து 1817இல் தொடங்கிய இந்து கல்லூரியில் 1826இல் ஆசிரியராகச் சேர்ந்தார். அப்போது வயது 17! இலக்கியமும் சரித்திரமும் நடத்தினார். முன்னால் உட்கார்ந்திருந்த மாணவர்களில் சிலருக்கும் அவருக்கும் மூன்று நான்கு வயதுதான் வித்தியாசம்.

வகுப்பறை போதவில்லை. 1828இல் 'அகாடமிக் அசோசியேஷன்' என்ற விவாத மன்றத்தைத் தொடங்கினார்கள். விதி உண்டா, மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா, கடவுள் உண்டா இல்லையா, விக்கிரக வழிபாடு சரியா, நாட்டுப்பற்று என்றால் என்ன என்று எல்லாமே விவாதப் பொருள்! வீட்டில் வாய் திறந்தால் அடி விழக்கூடிய விஷயங்களை அங்கே தைரியமாகப் பேசினார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? "பிள்ளைகளைக் கெடுக்கிறான், நாத்திகம் சொல்லித் தருகிறான்" என்று புகார் கிளம்பியது. சில பெற்றோர் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்தே நிறுத்திவிட்டார்கள். 1831 ஏப்ரலில் நிர்வாகக் குழு கூடியது. அங்கே நடந்ததைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்த மனிதர் மாணவர்களுக்குப் பாடம் சொல்லத் தகுதியற்றவர்தானா என்பது முதல் கேள்வி. பெரும்பான்மையோர் 'ஆம்' என்று சொல்லவில்லை. ஊர் இப்போதிருக்கும் மனநிலையில் இவரை அனுப்பிவிடுவது நல்லதா என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பெரும்பான்மை கிடைத்துவிட்டது! டேவிட் ஹேரும் எச்.எச். வில்சனும் அதில் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை, விசாரணையும் இல்லை, அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. டிரோசியோ ராஜினாமா செய்தார்.

வில்சன் அவருக்குக் கடிதம் எழுதி, கடவுள் இல்லை என்றீர்களா, பெற்றோரை மதிக்க வேண்டாம் என்றீர்களா என்றெல்லாம் கேட்டார். அதற்கு டிரோசியோ எழுதிய பதில்தான் நமக்கு முக்கியம். கடவுளைப் பற்றித் தத்துவஞானி ஹியூம் எழுப்பிய சந்தேகங்களை வகுப்பில் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொண்டார். அத்தோடு, ஹியூமுக்கு ரீடும் டூகால்ட் ஸ்டூவர்ட்டும் சொன்ன மறுப்புகளையும் சேர்த்தே சொன்னதாக எழுதினார். ஒரு பக்கத்தை மட்டும் காட்டி, மறுபக்கத்தை மூடிவைப்பது படிப்பாகாது என்பது அவர் கட்சி. பெற்றோர் விஷயமாகவும் ஓர் உதாரணம் காட்டினார். தட்சிணாரஞ்சன் முகர்ஜி என்ற மாணவர், அப்பாவின் கொடுமை தாங்கவில்லை, வீட்டைவிட்டுப் போகிறேன் என்று வந்து நின்றபோது, பெற்றவரிடம் எவ்வளவோ பொறுத்துத்தான் போகவேண்டும் என்று தடுத்தவர் தாமே என்றார்.

அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி காலராவில் டிரோசியோ காலமானார். வயது 22. அவ்வளவுதான் அவர் ஆயுசு!

மாணவர்கள் எல்லாரும் உத்தமர்களா? இல்லை. 1831 ஆகஸ்டில், கிருஷ்ண மோகன் பானர்ஜி வீட்டில் இல்லாத நேரத்தில், நண்பர்கள் சிலர் அங்கே மாட்டிறைச்சி தின்று, எலும்பைப் பக்கத்து வீட்டுக்குள் எறிந்தார்கள். ஊரே கொதித்தது, கிருஷ்ண மோகன் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். இதுவா சிந்தனை? அடுத்தவன் நம்பிக்கையின் மேல் எலும்பை எறிய யோசனையே தேவையில்லை, கை இருந்தால் போதும். தன் நம்பிக்கையைத் தானே எடைபோட்டுப் பார்க்கத்தான் துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சலும் அவர்களிடம் இருந்தது. ரசிக் கிருஷ்ண மல்லிக் நீதிமன்றத்தில் கங்கை நீர்மேல் சத்தியம் செய்யச் சொன்னபோது, கங்கையின் புனிதத்தில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். நம்பாததை நம்புவதுபோல் நடிக்க அவருக்கு மனம் வரவில்லை. நில அளவைத் துறையில் சேர்ந்த ராதாநாத் சிக்தார், 1843இல் டேராடூனில் கூலியாட்களை வெள்ளைக்கார அதிகாரி கட்டாய வேலை வாங்கியதை எதிர்த்து நின்று, 200 ரூபாய் அபராதம் கட்டினார். எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று 1856இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட கணக்கில் முக்கியப் பங்கு இவருடையதுதான். அப்பாவோடு மனஸ்தாபப்பட்ட அதே தட்சிணாரஞ்சன், 1849இல் கல்கத்தாவில் பெத்யூன் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கு நிலம் கொடுத்தார். கேள்வி கேட்டதோடு நிற்காமல், கிடைத்த பதிலுக்குத் தக்கபடி வாழ்ந்து காட்டினார்கள்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எதையும் "எங்க வீட்ல அப்படித்தான்" என்றோ, "எங்க தலைவர் சொல்லிட்டார்" என்றோ ஏற்காதீர்கள். "பழசெல்லாம் குப்பை" என்று தள்ளவும் வேண்டாம். அதுவும் யாரோ சொல்லிக்கொடுத்த பாடமாக இருக்கலாம். உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதை மறுப்பவர் வாயால் பேசிப் பாருங்கள். அவர் கட்சியை அவரே "சபாஷ்" என்று சொல்லும்படி எடுத்துச் சொல்ல முடிகிறதா? முடிந்த பிறகும் உங்கள் கருத்து நின்றால், அது உங்கள் சொந்தச் சொத்து. விழுந்தால், போகட்டுமே! நஷ்டம் ஒன்றுமில்லை.

என்னோடு படித்த நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இன்றைக்கு நம்மில் பலர் பெற்றோர், மேலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர். நம் வீட்டுப் பிள்ளை சங்கடமான கேள்வி ஒன்றைக் கேட்கும்போது, அதைக் கேட்கத் தூண்டிய ஆசிரியர்மேல் புகார் வரும்போது, கல்கத்தாவில் வந்த அதே இரண்டு கேள்விகள் நம் முன்னாலும் வந்து நிற்கும்: இது தவறா? அல்லது, நமக்கு இது அசௌகரியமா? இரண்டாவது கேள்விக்கு மட்டும் கையைத் தூக்கிவிட்டு வீடு திரும்பாதிருப்போமாக.