செங்கம் கணவாயும் ஹைதர் அலியும்

பழைய பொருள் எதையும் 'ஐதர் காலத்துப் பழசு' என்று சொல்லுவது தமிழ் மக்களின் வழக்கம். துருப்பிடித்த பூட்டானாலும், பாட்டனார் விட்டுச் சென்ற பெட்டியானாலும் அது ஐதர் காலத்ததே. ஒரு மன்னரின் பெயர் ஒரு காலத்தின் பெயராகவே மாறிவிட்ட பெருமை, தமிழகத்தை ஆண்ட ஆற்காட்டு நவாபுகளுக்குக் கிட்டவில்லை; மைசூரிலிருந்து படையுடன் வந்து போன ஹைதர் அலிக்குக் கிட்டியது. ஆயினும் அந்தப் பெயரை நாள்தோறும் உச்சரிக்கும் நம்மவர்களுள் எத்தனை பேர் அம்மனிதரை அறிந்திருக்கிறோம்? விடுதலைப் போரின் முன்னோடி என்று மேடைகளில் புகழ்கிறோம். கோயில்களைக் கொள்ளையிட வந்தவர் என்று வேறு சிலர் இகழ்கின்றனர். இரு சாராரும் அவரை அருகில் சென்று பார்த்ததில்லை. அவர் வந்து போன பாதை ஒன்றைப் பற்றிக்கொண்டு, அதன் வழியே அவரைச் சற்று நெருங்கிப் பார்ப்பதே நமது நோக்கம்.

திருவண்ணாமலையிலிருந்து மேற்கே செல்லும் சாலை செங்கத்தை அடைந்து, அதனைக் கடந்து மலைகளுக்கிடையே நுழைகிறது. செங்கம் கணவாய் என்பது இதுவே. மைசூர்ப் பீடபூமியிலிருந்தும் பாரமகாலிலிருந்தும் கர்நாடகச் சமவெளிக்கு இறங்குவோர்க்கு இது இயற்கை திறந்து வைத்த வாசல். வாசலுக்கு எதிரே காவல் நிற்பதுபோல் அண்ணாமலையும், அதன் அடியில் உயர்ந்த மதில்களையுடைய அருணாசலேசுவரர் கோயிலும் நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் போர்களில் இம்மதில்கள் கோட்டை மதில்களாகவே பயன்பட்டன. 1753-க்கும் 1790-க்கும் இடையில் இவ்வூர் பலமுறை முற்றுகைக்கு ஆளாயிற்று. நவாபின் உறவினர்கள், மராட்டியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என அனைவரும் இதற்காகப் போரிட்டனர். 1760-இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். அதே ஆண்டில் புதுச்சேரியில் நெருக்கடிக்குள்ளாகியிருந்த பிரெஞ்சுக்காரருக்கு உதவ ஹைதர் அனுப்பிய மக்தூம் அலியின் படை இந்தக் கணவாய் வழியாகத்தான் இறங்கியது. ஹைதரின் வரலாற்றில் செங்கம் இடம்பெறத் தொடங்குவது அப்போதிருந்துதான்.

1767 ஆகஸ்டு இறுதியில் ஹைதர் தாமே இறங்கினார். உடன் ஐதராபாத் நிஜாம் அலி கான். எதிரே கர்னல் ஜோசப் ஸ்மித்தின் சிறு படை. காவேரிப்பட்டினத்தருகே ஸ்மித்தின் வண்டி மாடுகளை ஹைதரின் குதிரைப்படை ஓட்டிக்கொண்டு போயிற்று. மாடில்லாத படைக்கு உணவும் இல்லை, நகர்வும் இல்லை என்பதை ஹைதர் நன்கறிந்திருந்தார். செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் மோதல் நிகழ்ந்தது. ஸ்மித் வென்றார், வென்றும் நிற்க முடியாமல், உணவை எதிர்பார்த்துத் திருவண்ணாமலைக்கு விரைந்தார். நவாப் முகம்மது அலியின் ஆட்கள் சேமித்து வைத்திருப்பதாக வாக்களித்த தானியம் அங்கே இல்லை. வென்ற படை பசியோடு திருக்கோவிலூர் நோக்கி நடந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த கர்னல் வுட்டின் படையைச் சேர்த்துக்கொண்டு ஸ்மித் திரும்பினார். செப்டம்பர் 26 அன்று திருவண்ணாமலையில் இரண்டாம் போர். ஸ்மித் ஆற்காட்டை நோக்கிப் பின்வாங்குகிறார் என எண்ணிய கூட்டுப்படை அவரை மடக்க விரைந்தது. இடையே இருந்த குன்றைச் சுற்றி வந்த இரு படைகளும் எதிர்பாராமல் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. கூட்டுப்படை தோற்றது. அறுபதுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் ஆங்கிலேயர் வசமாயின. அவற்றுள் பெரும்பாலானவை நிஜாமுடையவை. ஹைதரோ தம் பீரங்கிகளைக் காலத்தோடு அப்புறப்படுத்திவிட்டு, குழம்பி ஓடிய நிஜாமின் படைக்குப் பின்னால் நின்று அதன் பின்வாங்கலைக் காத்தார்.

இப்போரில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை, மைசூர் வரலாற்றை எழுதிய ஆங்கிலேய அதிகாரி மார்க் வில்க்ஸ் பதிவு செய்துள்ளார். வெற்றியைக் காண்பதற்கென்று நிஜாம் தம் அந்தப்புரப் பெண்களை யானைகளின் மேல் அமர்த்திக் களத்திற்கு அழைத்து வந்திருந்தார். களம் கைமீறிப் போனதும் யானைகளைத் திருப்புமாறு ஆணை பிறந்தது. அம்பாரி ஒன்றின் திரைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் மறுத்தது. தமது யானை அப்படித் திரும்பப் பழக்கப்படவில்லை என்றும், அரசின் கொடி செல்லும் திசையிலேயே அது செல்லும் என்றும் அக்குரல் அறிவித்தது. குண்டுகள் சுற்றிலும் விழுந்துகொண்டிருந்தன. கொடி தம்மைக் கடந்து சென்ற பின்னரே அவ்வம்மையார் யானையைத் திருப்ப இசைந்தார். அவருடைய பெயரை வில்க்ஸ் எழுதவில்லை. தளபதிகளின் பெயர்களால் நிறைந்த அந்நூலில், அன்றைய நாளின் மிகத் துணிவான சொல் பெயரற்ற ஒரு பெண்ணினுடையதாக இருப்பது நம் கவனத்திற்குரியது.

அதே நாட்களில், பதினேழு வயதும் நிரம்பாத திப்பு, ஏறத்தாழ ஐயாயிரம் குதிரை வீரருடன் சென்னையின் புறநகர்களைக் கலக்கிக்கொண்டிருந்தார். தோட்ட வீட்டில் தங்கியிருந்த கம்பெனி ஆளுநரும் ஆலோசனைக் குழுவினரும் கடற்கரையில் நின்ற ஒரு சிறு கப்பலின் உதவியால் தப்பினர். திருவண்ணாமலைத் தோல்விச் செய்தி எட்டியதும் திப்பு தந்தையிடம் திரும்பினார். இவ்விளைஞரின் பெயரே தமிழ் மண்ணிலிருந்து சென்றது என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். பிள்ளை வரம் வேண்டி அவருடைய பெற்றோர் ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா அவர்களின் தர்காவில் நேர்ந்துகொண்டனர் என்றும், அதனாலேயே குழந்தைக்கு அப்பெயர் சூட்டப்பட்டதென்றும் 'நிஷானே ஹைதரி'யில் கிர்மானி எழுதுகிறார். ஹைதரின் தந்தை பத்ஹ் முகம்மதும் முன்னாளில் ஆற்காட்டு நவாபின் படையில் பணியாற்றியவர். ஹைதர் தனித்த அதிகாரியாக முதன்முதலில் உயர்ந்ததும் தமிழகத்தில்தான். 1755-இல் அவர் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்த்தப்பட்டார். பிரெஞ்சுப் பொறியாளர்களைக் கொண்டு படைக்கலச் சாலை அமைத்ததும் அங்கேயே. அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் அடக்கவிடம் இருப்பதால்தான் திண்டுக்கல்லில் ஒரு பகுதி இன்றும் பேகம்பூர் எனப்படுகிறது. மைசூர்க்காரர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒருவரின் குடும்பம் தமிழகத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இவை போதும்.

திருவண்ணாமலைத் தோல்விக்குப் பின் நிஜாம் ஆங்கிலேயருடன் பேச்சு நடத்தி, 1768 பிப்ரவரியில் உடன்படிக்கை செய்துகொண்டு விலகினார். தனித்து விடப்பட்ட ஹைதர், நேர்ப்போரில் கம்பெனியின் காலாட்படையை எதிர்ப்பது பயனற்றது என்ற பாடத்தைக் கற்றுக்கொண்டார். 1769 மார்ச்சில் தம் பெரும்படையைத் திருப்பியனுப்பிவிட்டு, பீரங்கி ஒன்றுமின்றி ஏறக்குறைய ஆறாயிரம் குதிரை வீரருடன் மூன்றரை நாட்களில் நூற்று முப்பது மைல் கடந்து பரங்கிமலையருகே தோன்றினார். ஸ்மித்தின் படை பின்னால் எங்கோ வந்துகொண்டிருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் சென்னை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இரு தரப்பும் பிடித்த இடங்களைத் திருப்பித் தருவது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது என்பன அதன் சாரம். ஈராண்டுக்குள் மராட்டியர் ஹைதரைத் தாக்கினர், கம்பெனி உதவவில்லை. பிற்காலத்தில் ஹைதர் கொண்ட தணியாத பகையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம் பெயரின் முதல் எழுத்தை மட்டும் எழுதப் பழகி, அதையும் தலைகீழாகவே எழுதி வந்தார் என்பர். ஆனால் உருது, கன்னடம், மராத்தி, தெலுங்கு, தமிழ் ஆகிய ஐந்து மொழிகளில் சரளமாகப் பேசினார். பெரும் கணக்குகளை மனத்திலேயே போட்டார். முகத்தில் தாடி மீசை மட்டுமன்றிப் புருவமும் இல்லாமல் மழித்துக்கொள்வது அவர் வழக்கம். காலையில் நாவிதர் தம் வேலையைச் செய்துகொண்டிருக்க, ஒற்றர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் செய்தியைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இம்மனிதரை நேரில் கண்டு எழுதியவர்களுள் நம்பத்தக்கவர் தஞ்சையில் வாழ்ந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயர். தமிழும் பாரசீகமும் உருதுவும் அறிந்தவர். 1779-இல் சென்னை ஆளுநர் ரம்போல்டு ஹைதரின் உள்ளக்கிடக்கையை அறிய இவரைச் சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். கம்பெனித் தூதர்களின் சொல்லில் தமக்கு நம்பிக்கையில்லை, இந்தக் கிறித்தவர் வஞ்சிக்க மாட்டார் என ஹைதர் கூறியதாகச் செய்தி. சுவார்ட்ஸ் அங்கே கண்டவற்றை ஒளிவின்றி எழுதினார். வந்த கடிதத்தை ஒருவர் வாசிக்க ஹைதர் கேட்பார். பதிலைத் தாமே சொல்வார். எழுதியதை மற்றொருவரைக் கொண்டு வாசிக்கச் செய்து சரிபார்ப்பார். எழுத்தறியாத ஒருவரை ஏமாற்ற ஒருவருக்கும் வழியில்லை. அலுவலர்களுள் பெரும்பாலோர் பிராமணர். யார் எந்தச் சமயத்தைப் பின்பற்றுகிறார் என்பதில் ஹைதர் தலையிடுவதில்லை என்றும் சுவார்ட்ஸ் குறித்தார். ஹைதரின் படையிலிருந்த ஜெர்மானியருக்கும் தமிழ்க் கிறித்தவருக்கும் அவர் சீரங்கப்பட்டணத்திலேயே வழிபாடு நடத்தினார்; தடுப்பார் இல்லை.

பாதிரியாரின் மனத்தைத் தொட்ட காட்சி வேறொன்று. தம் ஆட்சியில் அநாதைக் குழந்தை எதுவும் கைவிடப்படுவதை ஹைதர் அனுமதிப்பதில்லை. அவர்களுக்கு உணவும் உடையும் தந்து, மரத்தால் செய்த சிறு துப்பாக்கிகளைக் கொடுத்துப் பயிற்றுவித்தார். அநாதைகளைப் பேணும் இச்செயல் தமக்குப் பெருமகிழ்ச்சி அளித்ததாகச் சுவார்ட்ஸ் எழுதினார். எதிரியின் தூதராகச் சென்ற ஒரு பாதிரியார் தரும் சான்று என்பதால் இதன் எடை அதிகம். விடைபெறும்போது வழிச்செலவுக்கென ஹைதர் முந்நூறு ரூபாய் தந்தார். சுவார்ட்ஸ் அதனைச் சென்னையில் ஒப்படைக்க முயன்று, பின் தஞ்சைப் பள்ளிக்குரிய நிதியாக்கினார். அடுத்த ஆண்டு போர் மூண்டபோது, அப்பாதிரியாரை யாரும் தடை செய்யலாகாது, மரியாதையுடன் வழிவிட வேண்டும் என்று ஹைதர் தம் அதிகாரிகளுக்கு ஆணையிட்டார்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நாம் வரலாறு எழுதியவர்கள் ஆகமாட்டோம். ஏவலர் கையில் சாட்டை ஓயாமல் இருந்ததையும், உயர்குடியினர், பணியாளர், ஏன் சொந்தப் புதல்வர் என்ற வேறுபாடின்றி அது விழுந்ததையும் அதே சுவார்ட்ஸ் எழுதியிருக்கிறார். தம்மால் உயர்த்தப்பட்டுப் பின் தம்மையே எதிர்த்த காண்டே ராவைக் கிளிபோல் வைத்துக் காப்பதாக அரண்மனைப் பெண்களுக்கு வாக்களித்த ஹைதர், அவரை இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் கொடுத்தார். 1780 ஜூலையில் அவருடைய பெரும்படை மீண்டும் செங்கம் கணவாய் வழியே இறங்கியபோது, கம்பெனிக்குத் தானியம் கிடைக்கக்கூடாதென்று சென்னையைச் சுற்றிலும் ஊர்கள் தீக்கிரையாயின. செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்ததை நாம் பெருமிதத்தோடு நினைவுகூர்கிறோம். எரிந்த ஊர்களில் வாழ்ந்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர். தமிழ் உழவர்கள், நெசவாளர்கள். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்திருப்பர். 1785-இல் எட்மண்டு பர்க் நாடாளுமன்றத்தில் இப்பேரழிவை விவரித்தபோது, அதற்கு இடமளித்த கம்பெனியாரையும் நவாபின் கடன்காரர்களையுமே முதன்மைக் குற்றவாளிகளாக நிறுத்தினார். அது நியாயமே; ஆயினும் ஹைதரின் பங்கை அது அழித்துவிடாது.

1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகில் பாசறையில் ஹைதர் காலமானார். திப்பு அப்போது மலபார்ப் பகுதியில் இருந்தார். செய்தி வெளியானால் படை சிதறும், அரசு பறிபோகும். பூர்ணையாவும் கிருஷ்ண ராவும் மரணத்தை மறைத்தனர். மன்னர் நோயுற்றிருப்பதாகச் சொல்லி அன்றாட ஆணைகளை வெளியிட்டுக்கொண்டிருந்தனர். கருவூலப் பெட்டி என்று எண்ணும்படியாக உடல் அனுப்பப்பட்டுக் கோலாரில் தந்தையின் அடக்கவிடத்தில் வைக்கப்பட்டது. பின்னரே சீரங்கப்பட்டணம் சென்றது. இடையில் ஹைதரின் இளைய மகனை அரியணையேற்றச் சதி செய்தவர் முஸ்லிம் தளபதியான முகம்மது அமீன். அதனை முறியடித்துத் திப்புவுக்கு அரசைக் காத்துத் தந்தவர்கள் இந்து அமைச்சர்கள். சமயத்தின் கண்ணாடியை மட்டும் அணிந்து மைசூர் வரலாற்றைப் படிப்பவர்கள் இந்த ஒரு வாரத்தை என்ன செய்வார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

திருவண்ணாமலைக்கு ஒரு முறை திப்புவும் வந்தார். மூன்றாம் மைசூர்ப் போரின்போது, தியாகதுர்கத்தைக் கேப்டன் பிளின்டிடமிருந்து பிடிக்க முடியாமல் திரும்பிய அவர் 1790 இறுதியில் திருவண்ணாமலையைத் தாக்கிக் கைப்பற்றினார். தந்தை தோற்ற ஊரில் மகன் வென்றார். அந்த வெற்றியால் ஒரு பயனும் விளையவில்லை. அங்கிருந்து புதுச்சேரிப் பக்கம் சென்ற திப்பு, பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் ஆறாயிரம் வீரரைக் கேட்டுத் தூது அனுப்பினார். புரட்சியில் தம் அரியணையே ஆடிக்கொண்டிருந்த லூயி இணங்கவில்லை. இதற்குள் கார்ன்வாலிஸ் சென்னையிலிருந்து புறப்பட்டு, 1791 பிப்ரவரியில் வடக்கே முகலிக் கணவாய் வழியாக மைசூருக்குள் ஏறிவிட்டார். செய்தி கேட்ட திப்பு பெங்களூரைக் காக்க விரைந்தார். அவர் ஏறிச் சென்ற வழி செங்கம் கணவாய். மார்ச் 21 அன்று பெங்களூர் வீழ்ந்தது. அதன்பின் திப்பு அக்கணவாயில் இறங்கவேயில்லை.