ஊர் நடத்தும் பள்ளி ஆண்டு

நம் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு நாட்காட்டி, இன்னொரு நாட்காட்டி வெளிவந்த பிறகுதான் அச்சுக்குப் போகும். பிள்ளைகள் வார நாட்களில் படிக்கும் அரசுப் பள்ளிகள் எந்தத் தேதியில் திறக்கின்றன, வசந்தகால விடுமுறை எந்த வாரம், கடைசி வகுப்பு என்றைக்கு என்பது தெரியாமல் நாம் ஒரு சனிக்கிழமையைக்கூடக் குறிக்க முடியாது. அமெரிக்காவின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகின்றன. வகுப்பறையும் அரசுப் பள்ளிகளுடையது, ஆண்டும் அவற்றினுடையது. ஆகவே நம் விழா மலரில், நாம் தோள் சாய்ந்து நிற்கும் அந்தப் பெரிய நிறுவனத்தின் வரலாற்றுக்கும் சில பக்கங்கள் இருக்க வேண்டும் என்று மலர்க் குழு விரும்பியது. அந்தப் பொறுப்பை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

புதிதாக வரும் பெற்றோர் முதலில் தேடுவது கல்வித் துறையைத்தான். உத்தரவு போடும் இயக்குநர் எங்கே, அமைச்சர் யார் என்று கேட்கிறார்கள். ஆனால் அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வி என்ற பேச்சே கிடையாது. 1791-இல் சேர்க்கப்பட்ட பத்தாவது திருத்தத்தின்படி, மத்திய அரசுக்கு ஒப்படைக்கப்படாத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது. மாநிலங்கள் கல்வியின் பெரும்பகுதியை ஊர்களிடம் விட்டுவிட்டன. இன்று நாடெங்கும் ஏறக்குறைய 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியம் இருக்கிறது. மாவட்டப் பள்ளிகளை நிர்வகிக்கும் கண்காணிப்பாளரை வேலைக்கு வைப்பது அதுதான். வரவு செலவை முடிவு செய்வதும், அடுத்த ஆண்டின் நாட்காட்டியை வாக்கெடுத்து நிறைவேற்றுவதும் அதுதான். கூட்டங்கள் பொதுமக்கள் முன்னிலையில் நடக்கும். வாக்குரிமை பெரும்பாலும் குடிமக்களுக்கு மட்டும்தான் என்றாலும், கூட்டத்தில் எழுந்து சில நிமிடம் பேசுவதற்குக் குடியுரிமைச் சான்று யாரும் கேட்பதில்லை. பணத்தில் கணிசமான பங்கு அந்த ஊரின் சொத்து வரியிலிருந்து வருகிறது. வசதியுள்ள ஊரின் பள்ளிக்கும் இல்லாத ஊரின் பள்ளிக்கும் இடையே இன்றுவரை தெரியும் ஏற்றத்தாழ்வுக்கு இது ஒரு பெருங்காரணம். அதை மறைத்து இந்த ஏற்பாட்டை நான் புகழ மாட்டேன்.

இதன் வேர் மிகப் பழையது. பாஸ்டன் லத்தீன் பள்ளி 1635-இல் தொடங்கியது. ஹார்வர்டு கல்லூரிக்கு ஓராண்டு மூத்தது. 1647-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றம் ஒரு சட்டம் செய்தது: ஐம்பது குடும்பம் உள்ள ஊர், எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும், நூறு குடும்பம் சேர்ந்தால் இலக்கணப் பள்ளி வைக்க வேண்டும். பைபிளைத் தானே படிக்கத் தெரியாதவனைச் சாத்தான் ஏமாற்றிவிடுவான் என்பது அவர்களுடைய கவலை. காரணம் சமயம் என்றாலும் ஏற்பாடு ஊருடையது. அந்த ஏற்பாடுதான் நிலைத்தது. 1837-இல் அதே மாசசூசெட்ஸ் கல்வி வாரியத்தின் செயலாளரான ஹோரஸ் மான், ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் பொது வரியில் படிக்கும் பள்ளிக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1839-இல் லெக்சிங்டனில் அரசின் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறக்கவும் காரணமானார்.

பள்ளி ஆண்டின் நீளம் இன்றிருப்பதுபோல் அப்போது இல்லை. கோடை விடுமுறை வயல் வேலைக்காக ஏற்பட்டது என்று இங்கே பலரும் சொல்வார்கள். நாமும் அதை நம்பிச் சொல்லிக் கொடுக்கிறோம். உண்மையில் வயலில் ஆள் தேவைப்படுவது விதைக்கும் வசந்தத்திலும் அறுக்கும் இலையுதிர் காலத்திலும்தான். ஆகவே நாட்டுப்புறத்து ஓரறைப் பள்ளிகள் குளிர்காலத்தில் ஒரு பருவமும் கோடையில் ஒரு பருவமும் நடத்தின. நகரங்களிலோ பள்ளி ஏறத்தாழ ஆண்டு முழுவதும் திறந்திருந்தது. 1840-களில் நியூயார்க் போன்ற நகரங்களில் அது ஆண்டுக்கு 240 நாட்களைத் தாண்டியது. கோடையில் அந்தச் செங்கல் கட்டடங்கள் வெந்தன. நோய் பரவும் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். வசதியுள்ள குடும்பங்கள் மலைக்கும் கடற்கரைக்கும் போய்விட்டதால் வகுப்புகள் காலியாகின. ஆசிரியர்களுக்கும் தங்கள் பயிற்சிக்குச் சில வாரம் தேவைப்பட்டது. நகரம் தன் ஆண்டைக் குறைத்தது, கிராமம் தன் ஆண்டைக் கூட்டியது. இரண்டும் ஒன்பது மாதத்துக்குப் பக்கத்தில் சந்தித்தன.

1869–70-இல் நாட்டின் சராசரிப் பள்ளி ஆண்டு 132 நாள். ஒரு மாணவர் சராசரியாக வந்ததோ 78 நாள் மட்டுமே. 1929–30-இல் ஆண்டு 172 நாளாக வளர்ந்துவிட்டது. இன்று பெரும்பாலான மாநிலங்கள் 180 நாள் அல்லது அதற்கு ஈடான மணிக்கணக்கைக் கேட்கின்றன. பனிப்பொழிவு நாளில் விடியுமுன் கண்காணிப்பாளர் பள்ளியை மூடினால், பல மாவட்டங்களில் அந்த நாள் ஜூனில் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். கட்டாய வருகைச் சட்டத்தை மாசசூசெட்ஸ் 1852-இல் கொண்டுவந்தது. கடைசியாக மிசிசிப்பி 1918-இல் ஏற்றது.

திறப்பு நாளும் ஊருக்கு ஊர் வேறு. தெற்கே ஆகஸ்ட் முதல் வாரங்களிலேயே மணி அடித்துவிடும். வடகிழக்கில் பல ஊர்களில் செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினம் கழிய வேண்டும். வர்ஜீனியாவில் 1986-இல் வந்த சட்டம், பள்ளிகள் அந்த நாளுக்கு முன்னால் திறக்கக் கூடாது என்றது. சுற்றுலாத் தொழிலுக்குக் கோடையின் கடைசி வாரம் முக்கியம் என்பதால் வந்த சட்டம் அது. ஒரு கேளிக்கைப் பூங்காவின் பெயரிலேயே அதைக் குறிப்பிட்டார்கள். 2019-இல்தான் தளர்த்தினார்கள்.

நம் பிள்ளைகள் ஏறும் மஞ்சள் பேருந்துக்கும் ஒரு பிறந்தநாள் உண்டு. 1939 ஏப்ரலில் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில், பேராசிரியர் ஃபிராங்க் சைர் நாடெங்கிலுமிருந்து கல்வி அதிகாரிகளையும் வண்டி செய்வோரையும் அழைத்துப் பேசினார். அதுவரை குதிரை வண்டி போன்ற ஊர்திகளில்கூடப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். அதிகாலை மங்கலிலும் கறுப்பெழுத்து தெளிவாகத் தெரியும் நிறம் எது என்று வண்ணத்துண்டுகளைத் தொங்கவிட்டுப் பார்த்து அந்த மஞ்சளைத் தேர்ந்தார்கள். சிறு பள்ளிகளை ஒன்றாக இணைப்பதற்கு அந்தப் பேருந்து பெரிதும் உதவியது. 1939–40-இல் 1,17,000-க்கும் மேலிருந்த மாவட்டங்கள் இன்றைய 13,000 ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

காலையில் வகுப்பறைகளில் கொடிக்கு உறுதிமொழி சொல்கிறார்கள். 1892-இல் ஒரு சிறுவர் இதழுக்காக ஃபிரான்சிஸ் பெல்லமி எழுதிய வாசகம் அது. கொலம்பஸ் வந்த நானூறாம் ஆண்டுக்காகப் பள்ளிகளில் சொல்வதற்கென்று எழுதினார். கடவுளைப் பற்றிய சொற்கள் 1954-இல் சேர்ந்தன. சமய நம்பிக்கை காரணமாகக் கொடிக்கு வணக்கம் செலுத்தாத யெகோவாவின் சாட்சிகளின் பிள்ளைகளைப் பள்ளிகள் வெளியேற்றின. 1943 ஜூன் 14-ஆம் நாள், கொடி தினத்தன்றே, உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்த முடியாது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். நாடு உலகப் போரில் இருந்த நேரத்தில் வந்த தீர்ப்பு என்பதை நினைத்தால் எனக்கு மதிப்பு கூடுகிறது. நம் பெற்றோர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உயர்நிலைப் பள்ளிக்கு வருவோம். மரபுகளெல்லாம் குவிந்திருப்பது அங்கேதான். ஊர் வரியில் உயர்நிலைப் பள்ளி நடத்தலாமா என்பதே ஒரு காலத்தில் வழக்கானது. 1874-இல் கலமசூ ஊர் வழக்கில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் நடத்தலாம் என்றது. 1910-இல் பதினேழு வயதினரில் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில்தான் உயர்நிலைப் பள்ளியை முடித்தார்கள். 1940-இல் பாதிப்பேர் முடித்தார்கள். ஒரு தலைமுறையில் நடந்த மாற்றம் இது. ஊரின் இளையோர் எல்லாரும் ஒரே கட்டடத்துக்கு வரத் தொடங்கியதும், கல்லூரிகளின் வழக்கங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. 1806-இல் யேல் கல்லூரியில் தொடங்கிய ஆண்டு மலர், 1835-இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தொடங்கிய வகுப்பு மோதிரம், ப்ராம் என்கிற வசந்தகால நடன விருந்து எல்லாம் அப்படி வந்தவைதான்.

அக்டோபரை ஒட்டி வரும் ஹோம்கமிங்கை நம்மவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். வெளியூர் போனவர்கள் அம்மன் கொடைக்கு ஊர் திரும்புவதுபோல, பழைய மாணவர்கள் அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்குத் திரும்புகிறார்கள். 1911-இல் மிசூரி பல்கலைக்கழகம் கான்சஸுடன் மோதிய ஆட்டத்துக்குப் பழைய மாணவர்களை ஊருக்கு அழைத்ததுதான் முதல் விழா என்று மிசூரிக்காரர்கள் சொல்வார்கள். வேறு கல்லூரிகளும் உரிமை கோருகின்றன. உயர்நிலைப் பள்ளிகளிலும் பழைய ஆட்டங்கள் உண்டு: பாஸ்டன் லத்தீன் பள்ளியும் பாஸ்டன் இங்கிலீஷ் பள்ளியும் நன்றி நவிலல் நாளையொட்டி ஆடும் ஆட்டம் 1887-இல் தொடங்கியது.

இந்த மரபுகள் ஊரின் உயிர் என்றால், ஊரில் யார் யாருக்கு இடம் என்ற கேள்வியும் கூடவே வரும். அதற்கு ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 15 லட்சம் டாலர் செலவில் கட்டி 1927-இல் திறந்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி, வெள்ளையருக்கு மட்டுமான பள்ளி. கறுப்பினப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளிக்கு ஹோரஸ் மானின் பெயர் வைத்திருந்தார்கள். ஒரே கூரைக்காகப் பேசியவரின் பெயர், பிரித்து வைத்த பள்ளியின் வாசலில் இருந்தது. 1954-இல் உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினைப் பள்ளிகள் சட்டவிரோதம் என்றது. 1957 செப்டம்பர் 4 அன்று ஒன்பது கறுப்பின மாணவர்கள் சென்ட்ரலுக்கு வந்தபோது ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் நிறுத்திய படைவீரர்கள் வழிமறித்தார்கள். எலிசபெத் எக்ஃபோர்டு என்ற பதினைந்து வயதுப் பெண் தன்னந்தனியாக, எதிர்த்துத் திரண்டிருந்த கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே நடந்தார். அதே மாதம் 25-ஆம் நாள், அதிபர் ஐசன்ஹோவர் அனுப்பிய ராணுவப் பிரிவின் காவலோடு ஒன்பது பேரும் உள்ளே போனார்கள்.

வகுப்பறை கிடைத்தது, பள்ளி ஆண்டு கிடைக்கவில்லை. விளையாட்டு அணி, பாட்டுக் குழு, நடனம் எதிலும் சேர அவர்களுக்கு அனுமதி இல்லை. ஒன்பது பேரில் இறுதியாண்டில் இருந்தவர் எர்னஸ்ட் கிரீன் ஒருவரே. 1958 மே மாதம் பள்ளி மைதானத்தில் நடந்த பட்டமளிப்பில் அறுநூறு பேர் அளவிலான வகுப்போடு அவரும் மேடையேறினார். மற்றவர்களுக்குக் கைதட்டல் இருந்தது, அவருக்கு இல்லை. அன்று பார்வையாளர் வரிசையில் அவருடைய குடும்பத்தோடு மார்ட்டின் லூதர் கிங் அமர்ந்திருந்தார்.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் இன்னும் கொடிது. 1958 செப்டம்பரில் நகரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் ஆளுநர் மூடினார். வாக்கெடுப்பில் ஊரும் அதற்கு ஒப்புதல் தந்தது: பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைப்பதற்கு எதிராக 19,470 வாக்கு, ஆதரவாக 7,561. 3,665 மாணவர்களுக்கு அந்த ஆண்டு பள்ளி இல்லை. வெள்ளைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேறு வழி தேடிக்கொண்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் பாதிப்பேர் அளவுக்கு எங்கும் படிக்கவில்லை. ஒப்பந்தம் இருந்ததால் ஆசிரியர்கள் காலி வகுப்பறைகளுக்கு நாள்தோறும் வந்தார்கள். பள்ளி மூடியிருந்தும் கால்பந்து ஆட்டங்கள் மட்டும் நடந்தன. ஒரு பெண்கள் குழுதான் ஊரைத் திருப்பியது. அடால்ஃபின் டெரி முதலானோர் தொடங்கிய அந்தக் குழு வீடு வீடாகப் போனது. பள்ளி வாரியத்தின் பிரிவினையாளர்கள் 44 ஆசிரியர்களையும் ஊழியர்களையும் நீக்கியபோது ஊர் விழித்தது. 1959 மே மாதத் திரும்ப அழைக்கும் தேர்தலில் பிரிவினையாளர் மூவர் வாரியத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஆகஸ்டில் பள்ளிகள் திறந்தன. மூடியதும் வாக்கு, திறந்ததும் வாக்கு. சென்ட்ரல் இன்றும் பள்ளியாகவே நடக்கிறது. 1998 முதல் தேசிய வரலாற்றுத் தலமும்கூட.

மரபுகளுக்குத் திரும்புவோம். பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் 1895-இல் கல்லூரிகள் வகுத்த விதியிலிருந்து வந்தவை. உயர்நிலைப் பள்ளிகள் அதை விரும்பியதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு: விலையுயர்ந்த உடை வாங்க முடியாத வீட்டுப் பெண்ணும் மேடையில் எல்லாரையும் போலவே நிற்கலாம். பட்டமளிப்பில் ஒலிக்கும் அணிவகுப்பு இசை ஆங்கிலேயரான எட்வர்ட் எல்கருடையது. 1905-இல் யேல் அவருக்குக் கௌரவப் பட்டம் தந்தபோது அதை வாசித்தார்கள். பிறகு நாடு முழுவதும் பிடித்துக்கொண்டது.

பின்னால் வந்த சட்டங்கள் வாசலை மேலும் அகலப்படுத்தின. 1972-க்கு முன் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுத்த அந்த ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு பெருகி இன்று 30 லட்சத்தைத் தாண்டியிருக்கிறார்கள். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளியில் உரிமை தரும் சட்டம் 1975-இல் வந்தது. நாட்காட்டியும் மாறிக்கொண்டே இருக்கிறது. நியூயார்க் நகரப் பள்ளிகள் 2015-இல் ஈத் பெருநாட்களைச் சேர்த்தன. மாநிலச் சட்டத்துக்குப் பிறகு 2024 நவம்பர் 1 அன்று தீபாவளிக்கு முதன்முறையாக மூடின. பெற்றோர்களும் மக்கள் பிரதிநிதிகளும் பல ஆண்டு கேட்டுக் கேட்டுப் பெற்றது அது.

பொங்கலுக்கு இங்கே பள்ளி விடுமுறை இல்லை. ஆனால் ஜனவரி மூன்றாம் திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள். 1983-இல் சட்டமாகி 1986 முதல் நாடு அதைக் கடைப்பிடிக்கிறது. அந்த நீண்ட வார இறுதியில் பல ஊர்த் தமிழர்கள் பொங்கல் விழா நடத்துகிறார்கள். எர்னஸ்ட் கிரீனின் பட்டமளிப்பில் அமர்ந்திருந்தவரின் பெயரில் கிடைத்த விடுமுறை என்பதை, விழா மேடையில் நம் பிள்ளைகளில் ஒருவரைக் கொண்டே சொல்ல வைக்கலாம்.