பரீட்சையில் ஃபெயிலான மருந்து

முதலில் டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு பேங்க்கில் குப்பை கொட்டுகிறவன். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். இது சரித்திரம் மட்டும்தான்.

லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். முகத்தில் ஓநாய் குதறியது போலப் புண் வருகிறது என்று இடைக்கால ஐரோப்பாவில் வைத்த பெயர். அப்போது காசநோய்ப் புண்ணா வேறு எதுவுமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது, எல்லாமே ஓநாய்தான். 1851ல் பாரிஸில் கஸனாவ் என்ற தோல் மருத்துவர் ஒரு வகையைத் தனியாகப் பிரித்து 'லூபஸ் எரிதமடோஸஸ்' என்றார். 1872ல் வியன்னாவில் கபோஸி, இது தோலோடு நிற்பதில்லை, உள்ளே இறங்கி ஆளையே கொல்லும் என்று எழுதினார். நம் உடம்பின் வாட்ச்மேனே வீட்டுக்காரனைத் தடியால் அடிப்பது போன்ற வியாதி. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து என்று முதலில் கைகொடுத்தது மலேரியா மருந்துதான். 1894ல் லண்டனில் பேய்ன் என்ற டாக்டர் லூபஸுக்குக் கொய்னா கொடுத்துப் பார்த்தார். (நம் நீலகிரியில் நடுவட்டம் பக்கம் வெள்ளைக்காரன் போட்ட சின்கோனா தோட்டங்கள் ஞாபகம் வருகிறதா? அதே பட்டைதான்.) அதன் தூரத்து வாரிசான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 1955ல் அமெரிக்காவில் லூபஸுக்கு அனுமதி பெற்றது. இன்றும் அஸ்திவார மருந்து அதுதான். 2020ல் கொரோனாவுக்கு இது நல்லது என்று யாரோ கிளப்பிவிட, உலகம் முழுக்க லூபஸ்காரர்கள் மாத்திரைக்கு அலைந்தது தனிக்கதை.

அதே ஐம்பதுகளில் ஸ்டீராய்டும் வந்தது. உயிர் பிழைத்தார்கள், ஆனால் முகம் பூசணிக்காயாகி, எலும்பு கரைந்து, சர்க்கரை ஏறி. 1955ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக் கணக்குப்படி, நோய் கண்டுபிடித்து நான்கு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் சுமார் பாதிப் பேர். பிறகு சைக்ளோபாஸ்பமைடு. முதல் உலகப்போரின் மஸ்டர்ட் கேஸுக்குச் சொந்தக்காரன். கிட்னியைக் காப்பாற்றும், ஆனால் கருப்பையின் பக்கத்திலிருக்கும் சினைப்பைகளைக் கருக்கிவிடக்கூடும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் 'கிட்னி வேண்டுமா, குழந்தை வேண்டுமா' என்று கேட்கிற மருந்து.

இதற்கெல்லாம் அடங்காத லூபஸ் உண்டு. அவர்களுக்கு என்ன வழி? இங்கேதான் உயிரியல் மருந்துகள் வருகின்றன.

1975ல் கேம்பிரிட்ஜில் மில்ஸ்டைனும் கோலரும் ஒரே ஒரு குறியை மட்டும் தேடிப்போய்ப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஆய்வகத்தில் பெருக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். 1984ல் நோபல். பேட்டன்ட் மட்டும் வாங்கவில்லை! உடனடிப் பயன் எதுவும் தெரியவில்லை என்று பிரிட்டிஷ் அரசு நிறுவனம் விட்டுவிட்டதாம். பேங்க்காரனுக்கு இதைப் படித்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்.

அந்த வழியில் வந்ததுதான் ரிடக்ஸிமாப். பாதி எலி, பாதி மனிதன். ஆன்டிபாடி தயாரிக்கும் பரம்பரையைச் சேர்ந்த பி செல்களின் மேல் சிடி20 என்ற அடையாளம் இருக்கும், அதைப் பிடித்து அந்தச் செல்களைத் தீர்த்துக்கட்டும். 1997ல் அமெரிக்காவில் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் எட்வர்ட்ஸ், ஐசன்பெர்க் போன்றவர்கள், தப்பான ஆன்டிபாடி செய்கிற செல்லையே ஒழித்தால் லூபஸ் அடங்காதா என்று யோசித்தார்கள். 2002ல் விரல் விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளோடு முதல் முடிவுகள் வந்தன. எதற்கும் அடங்காத சிலர் எழுந்து நடந்தார்கள். ஊரெல்லாம் ஒரே உற்சாகம்.

அப்புறம் வந்தது பெரிய பரீட்சை. எக்ஸ்ப்ளோரர் என்ற ஆய்வில் 257 பேர். ஊசி போட்டவர்களில் 29.6 சதவீதம் பேருக்குப் பலன், போலி ஊசி போட்டவர்களில் 28.4 சதவீதம். அதாவது ஒன்றுமே இல்லை! கிட்னி லூபஸுக்கு நடந்த லூனார் ஆய்வில் 144 பேர், 56.9க்கு 45.8. கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது, ஆனால் புள்ளியியல் கணக்கில் தேறவில்லை. மருந்து ஃபெயில்.

அதே சமயம் இன்னொரு மாணவன் பாஸாகிவிட்டான். பெலிமுமாப். இது பி செல்லைக் கொல்லாது, அது உயிர்வாழத் தேவையான புரதத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 2009 ஜூலையில் முடிவு வெளியான ஒரே நாளில் ஹ்யூமன் ஜீனோம் சயின்சஸ் கம்பெனியின் பங்கு மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. 2011 மார்ச்சில் அமெரிக்க அனுமதி. 1955க்குப் பிறகு லூபஸுக்கென்று வந்த முதல் புது மருந்து, 56 வருடம் கழித்து. மறு வருடமே கிளாக்ஸோ அந்தக் கம்பெனியைச் சுமார் 360 கோடி டாலருக்கு வாங்கிப்போட்டது.

ஆனால் தணிக்கைக்குப் பழகிய கண்ணுக்கு ஒன்று உறுத்துகிறது. பாஸான மருந்தின் ஒரு பெரிய ஆய்வில் பலன் 58க்கு 44. நல்லதுதான், ஆனால் அந்த ஆய்வில் கிட்னியோ மூளையோ கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களைச் சேர்க்கவே இல்லை. ஃபெயிலான மருந்தின் ஆய்வுகளிலோ, இரண்டு கோஷ்டிக்கும் ஸ்டீராய்டையும் மற்ற மருந்துகளையும் தாராளமாகக் கொடுத்து அதன் மேல் இதைப் போட்டார்கள். பந்தியில் ஏற்கெனவே வயிறு நிறையச் சாப்பிட்டவனுக்குக் கடைசியில் வைத்த லட்டு எவ்வளவு பசி தீர்த்தது என்று எப்படி அளப்பது? 2013ல் லண்டனில் கிட்னி லூபஸ் நோயாளிகள் 50 பேருக்கு, ஸ்டீராய்டு மாத்திரையைத் தவிர்த்து ரிடக்ஸிமாபோடு சிகிச்சை தொடங்கிப் பார்த்தார்கள். 45 பேருக்கு நோய் முழுதாகவோ பாதியாகவோ அடங்கியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கோஷ்டி இல்லை. ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். என் கட்சி? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. டாக்டர்கள் தங்கள் கண்ணால் பார்த்ததை விடவில்லை. ஐரோப்பிய வழிகாட்டுதலிலும் உறுப்புக்கு ஆபத்தான, வேறு எதற்கும் அடங்காத லூபஸுக்கு ரிடக்ஸிமாப் இடம் பிடித்தது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2007ல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் 'ரெடிடக்ஸ்' என்ற நகல் ரிடக்ஸிமாபைக் கிட்டத்தட்ட பாதி விலைக்குக் கொண்டுவந்தது. பிறகு வேறு இந்தியக் கம்பெனிகளும் வந்தன. பாதி விலை என்பது சின்ன விலை இல்லை. இதே ஊரில் எங்கள் கிளையில் நகைக்கடன் விண்ணப்பத்தில் 'கடன் எதற்காக' என்ற இடத்தில் விவசாயம், கல்யாணம் என்றுதான் எழுதுவார்கள். ஒரு தடவை ஒரு பெரியவர் 'அம்மாயிக்கு ஊசி' என்றார். மூன்று வளையல், ஒரு சங்கிலி. ஊசிக்கு முன்னால் மஞ்சள் காமாலை பி, காசநோய் சோதனைகள், ஊசிக்குப் பின்னால் கிருமித்தொற்று பயம், கொரோனா தடுப்பூசி கூட இவர்களுக்குச் சரியாகப் பிடிக்கவில்லை என்று செலவும் கவலையும் ஊசியோடு முடிவதில்லை.

கதை அப்புறமும் ஓடுகிறது. 2021ல் அனிஃப்ரோலுமாப், தன் முதல் பெரிய ஆய்வில் தோற்று, இரண்டாவதில் ஜெயித்து அனுமதி வாங்கியது. அதே 2021ல் ஜெர்மனியின் எர்லாங்கனில் ஒரு இளம்பெண்ணின் சொந்த டி செல்களை எடுத்து, பி செல்லைக் கொல்லப் பழக்கித் திரும்ப ஏற்றியதாக முதல் செய்தி வந்தது.

கொசுறாக ஒன்று. ரிடக்ஸிமாபின் தம்பி ஒபினுடுசுமாப். அதே சிடி20தான் குறி, பிடி இன்னும் இறுக்கம். கிட்னி லூபஸில் 46.4க்கு 33.1 என்று தேறி 2025 அக்டோபரில் அமெரிக்க அனுமதி வாங்கிவிட்டது. அண்ணனுக்கு அமெரிக்க லேபிளில் லூபஸ் என்ற வார்த்தை இன்னும் ஏறவில்லை.