பொகுட்டும் எச்சரிக்கையும்

தாமரையின் பொகுட்டில் திருமகளை உட்கார்த்தி வைத்தது நம் கவி மரபு. என்னால் அந்தப் பொகுட்டைப் பார்க்க முடியாது. இதழ்கள் உதிர்ந்தபின் எஞ்சும் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு விதை. எழுதும்போதே முன்கையில் மயிர் கூச்செறிகிறது. தேனடையும் அப்படித்தான். பயம் என்பதைவிட அருவருப்பு என்பதே சரி.

2005 வாக்கில்தான் இதற்கு டிரைபோஃபோபியா என்று பெயர் வந்தது. வைத்தியர்கள் வைத்த பெயரல்ல. இணையத்தில் ஒருவரையொருவர் கண்டுகொண்ட அவதிக்காரர்கள் வைத்தது. 2013இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கோலும் வில்கின்ஸும் இதை ஆராய்ந்தார்கள். பொகுட்டின் படத்தைக் கண்டு ஆண்களில் 11 சதவீதமும் பெண்களில் 18 சதவீதமும் சங்கடப்பட்டார்கள். நீலவளைய ஆக்டோபஸ் போன்ற நச்சுப் பிராணிகளின் தோற்றத்திலும் இதே காட்சியமைப்பு உண்டு என்பது அவர்கள் வாதம். தோல்நோயின், ஒட்டுண்ணியின் நினைவே மூலம் என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. அம்மைக் கொப்புளத்துக்கு 'முத்து' என்று பெயரிட்ட சமூகம் எதை மூடப் பார்த்தது?

முன்னெச்சரிக்கை கேட்பது இக்காலத்துச் சொகுசு என்கிறார்கள் நண்பர்கள். 1621இல் முதற்பதிப்புக் கண்ட 'அனாடமி ஆஃப் மெலன்கலி'யின் முன்னுரையிலேயே ராபர்ட் பர்ட்டன், மனச்சோர்வுள்ள வாசகன் நோய்க்குறிகளைப் பற்றிய பகுதியைப் படிக்க வேண்டாம், தனக்கே பொருத்திக்கொண்டு கெடுவான் என்று எச்சரித்திருக்கிறார். 1931இன் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்தில் ஒரு நடிகர் திரைக்கு முன் வந்து எச்சரிக்கிறார். அது ஆளை இழுக்கும் தந்திரம். பர்ட்டனுடையது பரிவு.

2023இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, இத்தகைய எச்சரிக்கைகள் வேதனையைக் குறைப்பதில்லை, காத்திருக்கும் பதற்றத்தையே கூட்டுகின்றன என்கிறது. இருக்கலாம். ஆனால் எழுத்து வரிவரியாக வருகிறது, நடுவில் மூடிவிடலாம். படம் அப்படியல்ல. வேண்டாம் என்று தீர்மானிப்பதற்குள் பார்த்தாகிவிடுகிறது. 2017இல் 'அமெரிக்கன் ஹாரர் ஸ்டோரி: கல்ட்' தொடரின் துளை விளம்பரங்களைக் கண்டு பலர் முறையிட்டது இதனால்தான். இந்நோயை விளக்கும் கட்டுரைகள்கூடப் பெரும்பாலும் பொகுட்டின் படத்தைத்தான் தலையில் வைத்து ஆரம்பிக்கின்றன!

சென்ற வருஷம் ஒரு சிற்றிதழ் அட்டையில் பொகுட்டுக் கோட்டோவியம். உள்ளே நல்ல கவிதைகள். கவுண்ட்டரில் கிடந்த செல்லாத சலான் ஒன்றை அட்டைமேல் ஒட்டி வைத்துத்தான் படித்து முடித்தேன்.