உதகை ஸ்டீபன் தேவாலயம்: பழமை தேடிய ஒரு புதுக் கட்டடம்

அருவங்காட்டில் நின்று புறப்படும் மலை ரயில் கேத்தியையும் லவ்டேலையும் கடந்து உதகையில் முடிகிறது. இந்தப் பாதை உதகையைத் தொட்டது 1908-ல். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே உதகையின் மேட்டில் எழுந்துவிட்ட ஒரு கட்டடம் மைசூர்ச் சாலையில் இன்றும் நிற்கிறது. இளமஞ்சள் பூச்சும், கோட்டை மதில்போல் பல் வைத்த விளிம்புடைய கோபுரமும், கூர்முனைச் சாளரங்களும் கொண்ட புனித ஸ்டீபன் தேவாலயம் அது. முதன்முறை பார்ப்பவர்கள் இங்கிலாந்தின் இடைக்காலச் சிற்றூர்க் கோயில் ஒன்று இம்மலைக்கு எப்படி வந்தது என்று வியப்பார்கள். அந்த வியப்பை உண்டாக்குவதே அதைக் கட்டியவர்களின் நோக்கமாகவும் இருந்திருக்க வேண்டும்.

இடைக்காலச் சிற்றூர்க் கோயில் என்று எதைச் சொல்கிறோம்? கத்தோலிக்கர் 'பங்கு' என்றும் தென்னிந்தியத் திருச்சபையினர் 'சேகரம்' என்றும் வழங்கும் ஏற்பாட்டின் மூலவடிவம் அது. ஓர் ஊர், அதற்கு ஒரு குரு, அவரையும் கோயிலையும் தாங்க விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்பதே அந்த ஏற்பாடு. ஊரார் பிறந்தவுடன் திருமுழுக்குப் பெற்றதும், மணம் முடித்ததும், இறந்தபின் புதைக்கப்பட்டதும் ஒரே வளாகத்தில். கட்டடக் கலையிலும் இந்த உறவு தெரியும். மக்கள் கூடும் நீண்ட நடுக்கூடத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் கப்பலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கிழக்கே பலிபீடம் அமைந்த பகுதியின் பெயரோ, இரண்டையும் பிரித்து நின்ற மரக் கிராதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. கிராதிக்கு அப்பால் உள்ள பகுதியைப் பேணுவது குருவின் கடமை, நடுக்கூடத்தைப் பேணுவது ஊராரின் கடமை என்பது அக்கால வழக்கு. ஆகவே ஒரு கோயில் ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்படுவது அரிது. ஒரு தலைமுறை சுவர் எழுப்பும், மற்றொன்று கோபுரம் வைக்கும், பிறிதொன்று சாளரத்தைப் பெரிதாக்கும். நம் கோயில்களில் சோழர் கருவறைக்கு முன்னே நாயக்கர் மண்டபம் நிற்பதைப் போன்றதுதான் இதுவும்.

உதகையின் கதை இதற்கு நேர்மாறானது. சென்னை ஆளுநர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் முனைந்து நின்று கட்டுவித்த கோயில் இது. ஆளுநரின் பெயரும் கோயில் தாங்கிய புனிதரின் பெயரும் ஒன்றாக இருப்பதை வாசகர்கள் கவனிக்கலாம். மன்னர் நான்காம் ஜார்ஜின் பிறந்தநாளாகக் கொண்டாடப்பட்ட 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. வடிவமைத்தவர் கேப்டன் ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட் என்னும் ராணுவ அதிகாரி. சென்னைக்கெனத் தனிப் பேராயர் இல்லாத காலமாதலால், கல்கத்தா பேராயர் ஜான் மத்தியாஸ் டர்னர் 1830 நவம்பர் 5 அன்று கோயிலைப் புனிதப்படுத்தினார். அதற்குள் நான்காம் ஜார்ஜ் மறைந்துவிட்டார். 1831 ஏப்ரல் 3, உயிர்த்த ஞாயிறன்று கோயில் பொதுவழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. தலைமுறைகள் கட்டவேண்டிய ஒன்றின் சாயலை இரண்டே ஆண்டுகளில் எழுப்பிவிட்டார்கள்.

வடிவம் கைக்கு வந்துவிட்டது, வயது வரவில்லை. ஆனால் உள்ளே சென்று அண்ணாந்து பார்த்தால் வேறொரு வயது தெரியும். கூரையைத் தாங்கும் பெரிய உத்திரங்களும் மற்ற மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த திப்பு சுல்தானின் லால் மகால் அரண்மனையிலிருந்து வந்தவை. 1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது, திப்பு கொல்லப்பட்டார். பின்னர் அரண்மனை பிரிக்கப்பட்டது. அது நின்ற இடத்தில் இன்று அடித்தளத்தின் எச்சமே காணக் கிடைக்கிறது. சரியான சாலைகள் அமையாத அந்நாளில் யானைகளைக் கொண்டு இம்மரங்களை மலையேற்றினார்கள் என்பது வழிவழிச் செய்தி. வென்றவன் வீட்டு வடிவமும் தோற்றவன் வீட்டு மரமும் சேர்ந்தே இக்கோயில் உருவாகியிருக்கிறது. எல்லோரும் புகழ்வது அந்த வடிவத்தை. கூரை விழாமல் காப்பது அந்த மரம்.

இக்கோயிலின் கதையில் ஜான் சல்லிவனைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. கோயம்புத்தூர் ஆட்சியராக 1819-ல் நீலகிரிக்கு ஏறிவந்தவர் அவர். உதகையின் முதல் ஐரோப்பிய வீடான 'ஸ்டோன்ஹவுஸ்' அவர் கட்டியது. இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. மலையில் ஐரோப்பியர் குடியேற வழிவகுத்தவரும் அவரே, நிலம் தோடர்களுக்கு உரியது, எடுத்துக்கொள்வோர் ஈடு தரவேண்டும் என்று அரசாங்கத்தோடு வாதிட்டவரும் அவரே. இந்த முரண் அவருடைய வாழ்க்கை முழுதும் உண்டு. லஷிங்டன் ஆட்சியில் அவருடைய செல்வாக்கு குறைந்தது. உதகை ராணுவ அதிகாரி ஒருவரின் பொறுப்புக்கு மாறியது. கோயில் எழுந்தது அந்தக் காலத்தில்தான்.

ஆனால் சல்லிவனின் பெயரைக் கோயிலோடு பிரிக்க முடியாதபடி பிணைத்தது மரணம். அவருடைய மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் 1838-ல் இறந்தனர். இருவரும் இக்கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். சில ஆண்டுகளில் சல்லிவன் இந்தியாவை விட்டுச் சென்றார். 1855 ஜனவரியில் இங்கிலாந்தில் காலமான அவர், லண்டனுக்கு மேற்கே இன்றைய ஸ்லவ் நகரைச் சேர்ந்த அப்டன் என்னும் ஊரின் புனித லாரன்ஸ் கோயில் வளாகத்தில் புதைக்கப்பட்டார்.

அந்தக் கோயில் 12-ஆம் நூற்றாண்டில் நார்மானியர் பாணியில் எழுந்த உண்மையான இடைக்காலச் சிற்றூர்க் கோயில். யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷெல் 1822-ல் அதன் கோபுரத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார். சிதைந்துபோய் இடிக்கப்படும் நிலைக்கு வந்த அக்கோயிலை, சல்லிவன் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் பழுதுபார்த்துப் புதுப்பித்திருந்தார்கள். ஆக, ஒரே குடும்பத்தில் கணவர் மூலக் கோயிலின் நிழலிலும், மனைவியும் மகளும் அதன் நகலின் நிழலிலும் உறங்குகிறார்கள்.

அந்த மூலம் எழுந்த அதே 12-ஆம் நூற்றாண்டில் நீலகிரி ஆளற்ற காடாக இருந்ததா? இல்லை. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோடர்களை அச்சுறுத்தியதையும் நீலமலையை வென்றதையும் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்து, புல் வேய்ந்து, தவழ்ந்தே நுழையக்கூடிய சிறு வாயில் வைத்துத் தோடர்கள் கட்டும் கோயில்கள் கல்லால் ஆனவையல்ல. மக்கினால் மறுபடி கட்டப்படுபவை. ஊரே கூடித் தலைமுறைதோறும் புதுப்பிப்பது என்ற பொருளில், இடைக்காலச் சிற்றூர்க் கோயிலின் உட்பொருளுக்கு நெருக்கமானது ஆளுநர் கட்டிய கோபுரத்தைவிடத் தோடர்களின் இந்த வில்வளைவுக் குடில்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

அதனால் ஸ்டீபன் கோயிலைப் போலி என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் அது இம்மண்ணின் சபைக்கு உரியதாயிற்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அங்கே குழந்தைகளுக்குப் பெயரிட்டு, மணம் முடித்து, இறந்தோரைப் புதைத்து வந்திருக்கிறார்கள். வடிவத்தை இரவல் வாங்கலாம். வயதை அங்கே வாழ்கிறவர்கள்தான் தரமுடியும். உதகைக்குச் செல்லும் அன்பர்கள் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், உள்ளே சென்று அந்த உத்திரங்களைச் சற்று நேரம் பார்க்கவேண்டும். பிறகு பின்புறச் சரிவில் இறங்கி, ஹென்ரியட்டாவின் கல்லறையையும் தேடிப் பார்க்கவேண்டும். இக்கோயிலின் வரலாறு அவ்விரண்டு இடங்களில்தான் அதிகமாகச் சேர்ந்து கிடக்கிறது.