நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது

போன மாதம் ஊரிலிருந்து அப்பா போன் செய்தார். வயது 78. பென்ஷன் பாக்கி விஷயமாக ஒரு அலுவலகத்தின் தளத்தில் படிவத்தை நிரப்பியிருக்கிறார். "பட்டனை அமுக்கினேம்பா. ஒண்ணுமே சொல்லலை. அதான் நாலு தடவை அமுக்கினேன். போயிருக்குமா?"

புனேயில் உட்கார்ந்துகொண்டு நான் என்னத்தைச் சொல்ல! அதைச் சொல்லவேண்டியது 'நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது' என்று வரும் பக்கம். அற்பமான பக்கம்தான். ஆனால் அதற்கும் ஒரு வரலாறு உண்டு, அதில் என் பாவக்கணக்கும் கொஞ்சம் உண்டு.

இணையம் முதலில் படிக்க மட்டும்தான். நாம் எழுதி அனுப்பும் படிவம் 1993 வாக்கில் மொசைக் உலாவியில் வந்தது. 1995 நவம்பரில் எச்.டி.எம்.எல். 2.0 அதை முறைப்படுத்தியது. எப்படி அனுப்புவது என்பதற்கு விதி வந்தது. அனுப்பியவரிடம் என்ன சொல்வது என்பது நிரல் எழுதுகிறவர் பாடு.

எங்களைப் போன்ற பொட்டி தட்டுகிறவர்களுக்கு அப்போது கைகொடுத்த தெய்வம் ஃபார்ம்மெயில். அமெரிக்காவில் மேட் ரைட் என்ற பள்ளி மாணவர் 1995-ல் பெர்ல் மொழியில் எழுதி இலவசமாகக் கொடுத்தது. நிரப்பியதை மின்னஞ்சலாக அனுப்பிவிட்டு, நிரப்பியவருக்கு ஒரு நன்றிப் பக்கமும் காட்டும். நம் சொந்தப் பக்கத்தைக் காட்டவேண்டுமா, படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். (பிற்பாடு குப்பை மடல்காரர்கள் அதன் ஓட்டைகளில் புகுந்து விளையாடியது தனிக்கதை.)

அதைப் பார்த்து நானும் 2000-ல் இங்கே ஒரு சின்ன கம்பெனிக்கு ஒன்று எழுதினேன். மடல் போனதா இல்லையா என்று பார்க்காமலே 'நன்றி' காட்டும் நிரல். மூன்று வாரம் மடல் வழங்கி படுத்துக் கிடந்தது. வேலைக்கு விண்ணப்பித்த அத்தனை பேரும் நன்றியைப் பார்த்துவிட்டு நம்பிக் காத்திருந்தார்கள். ஒரு விண்ணப்பமும் வந்து சேரவில்லை. அவர்கள் யார் யார் என்பதுகூட எனக்குத் தெரியாது.

இன்னொரு வில்லங்கம், ரிஃப்ரெஷ். அனுப்பியதற்குப் பதிலாகவே நன்றிப் பக்கம் வந்தால், ரிஃப்ரெஷ் அழுத்தும்போது படிவம் மறுபடி போகும். பொங்கலுக்கு டிக்கெட் எடுத்தவர்களுக்குப் பணம் கட்டும் பக்கத்து மிரட்டல் நினைவிருக்கும்: 'பின்னால் போகாதீர்கள், ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள்'! இத்தனைக்கும் மருந்து 1997 ஜனவரியிலேயே எச்.டி.டி.பி. 1.1-ல் இருந்தது. 303 என்ற குறியீடு. 'வாங்கிக்கொண்டேன், பதிலை வேறு முகவரியில் போய்ப் பார்' என்று உலாவியை அனுப்பிவிடும். அப்புறம் எத்தனை முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் நன்றிப் பக்கம் மட்டுமே திரும்ப வரும். 2004-ல் மைக்கேல் ஜூராவ்லெவ் இதை 'போஸ்ட், ரீடைரெக்ட், கெட்' என்று பெயர் சூட்டி விளக்கிய பிறகுதான் பலருக்கு உறைத்தது. எனக்கும்தான்.

ஆனால் நான் முதலில் பழகிய ஒப்புகை மணியார்டர். 1994-ல் இங்கே வேலைக்கு வந்த புதிதில் மாதாமாதம் அம்மாவுக்கு அனுப்புவேன். கவுண்டரில் உடனே ரசீது. பத்து நாள் கழித்து அம்மா கையெழுத்துப் போட்ட சீட்டு திரும்பி வரும். ரசீது, பணத்தைத் தபாலாபீஸ் வாங்கிக்கொண்டதற்கு. கையெழுத்து, அம்மா கைக்குப் போனதற்கு. ரசீதைப் பார்த்து நான் ஒருநாளும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. நன்றிப் பக்கம் என்பது கவுண்டர் ரசீதுதான். அதைக் கையெழுத்துச் சீட்டு மாதிரி காட்டிக்கொண்டதுதான் எங்கள் தொழில் செய்த தப்பு. அப்பாவுக்கு அந்த ரசீதுகூடக் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவருக்கு நாலு குறுஞ்செய்திகள் வந்தன, நாலு வெவ்வேறு எண்களோடு. "நாலு பென்ஷன் வருமோ?" என்று சிரித்தார். அடுத்த வாரம் 'ஏற்கெனவே பெறப்பட்டது' என்று மூன்றை மூடிவிட்டார்கள். நாலாவது இன்னும் 'பரிசீலனையில்' இருக்கிறது. எண்ணை நான் குறித்து வைத்திருக்கிறேன், அவர் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.